வெளுக்காத கட்டி

தேகு, 1984 செப்டம்பர் 14

என் அக்கா மகள் ஹே-ரானுக்கு, மாமன் பியோ மான்-சிக் எழுதுவது.

சூசோக் பண்டிகை முடிந்து நீ உல்சான் பேருந்தில் ஏறியதும் இங்கே காற்று குளிர்ந்துவிட்டது. விடுதியில் தரையைச் சூடாக வைக்கிறார்களா, உன் நெஞ்சுச் சளி இறங்கியதா என்று முதலில் எழுது. எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம் நாலு பேர் அசைக்க முடியாத இரும்பு அச்சை ஒற்றை ஆளாக நகர்த்தினேன். பக்கத்தில் ஒருவன் கை வைத்திருந்தான், ஆனால் அவன் ஒல்லி.

தாத்தா கல்லறைக்கு ஏறும்போது நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் வருகிற ஆண்டு ஆராய்ச்சியாளர் இடம் ஒன்றே ஒன்று. தடித்த முகப்பூச்சு டப்பாவைக் கண்ணாடி போல வார்க்கும் பாலியஸ்டரை யார் காட்டுகிறார்களோ அவர்களுக்கு அது. நீ அதைச் சமைத்து, சில்லுகளாக மூட்டை கட்டி வைத்திருக்கிறாய். ஆனால் குடுவை கழுவும் பெண்ணின் மூட்டைக்காக வார்ப்பு இயந்திரத்தை நிறுத்த முடியாது என்று உன் தலைவர் குவாக் சொல்லிவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் உன்னை அந்தோங் துணிக்கடைக்காரனுக்குக் கட்டிவைப்பதென்று உன் அம்மா முடிவோடு இருக்கிறாள்.

நீ போன பிறகு அவளிடம், டப்பா வார்க்கும் பட்டறை வைத்திருக்கும் தாய்மாமன் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, "நீ சொல்றதுல பாதி காத்துடா. மீதிப் பாதியாவது நெஜமா இருந்தா என் பொண்ணு பொழச்சுக்குவா" என்றாள்.

மூட்டையை அனுப்பு. நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடம் எரிந்துபோனதால் உலகத்துக்கு ஒரு விஞ்ஞானி நஷ்டம். ஆனால் ஜப்பானிலிருந்து இயந்திரம் பூட்ட வந்த பொறியாளரே என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறினார்.

வேளைக்குச் சாப்பிடு. உன் அத்தை உனக்கு மிளகாய் விழுது எடுத்து வைத்திருக்கிறாள்.

மாமன்

*

உல்சான், 1984 அக்டோபர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

சளி போய்விட்டது. விடுதித் தரை இரண்டு நாளைக்கு ஒருமுறை சூடாகிறது. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மூட்டையைச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டேன். என்னிடம் இருப்பதெல்லாம் அவ்வளவுதான், மாமா. ஒரு வருடம் கழுவிய குடுவைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது.

இது என்ன என்று பட்டறையில் கேட்பார்கள். சாதாரண பாலியஸ்டர் நேரான துண்டுகள் கோத்த சங்கிலி. எல்லாத் துண்டும் ஒரே வாகு. மெதுவாக ஆறினால் சங்கிலிகள் பக்கம் பக்கமாக வந்து நெருங்கி வரிசை கட்டிவிடும். அந்த வரிசைதான் படிகம். அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால்தான் உங்கள் தடித்த டப்பாக்கள் நடுவில் பால் மாதிரி வெளுக்கின்றன. நான் மூன்று இணைப்புக்கு ஒன்று என்ற கணக்கில், வளையம் வைத்த பருமனான துண்டைச் சங்கிலிக்குள் நுழைத்திருக்கிறேன். அது இடித்துக்கொண்டு நிற்கும். சங்கிலிகள் வரிசை கட்ட முடியாது. எவ்வளவு மெதுவாக ஆறினாலும் வெளுக்காது. வெளுக்கக் கூடாது. அதுதான் என் கணக்கு.

சில்லுகளை அறுபத்தைந்து டிகிரியில் உலர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். மூட்டையின் வாயிலும் எழுதித் தைத்திருக்கிறேன்.

உங்களைத் தவிர யாரிடமும் கேட்க எனக்கு இடமில்லை. குளிரில் வெளியே நிற்காதீர்கள்.

ஹே-ரான்

*

தேகு, 1984 அக்டோபர் 22

என் விஞ்ஞானிக்கு,

மூட்டை வந்தது. நாங்கள் சுகம். அத்தையின் முழங்கால் மழை வருவதை வானிலை அறிவிப்புக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, அந்த அளவில் நலம். உனக்கு அங்கே நல்ல மீன் கிடைக்கிறதா?

நீ எழுதியதைப் பட்டறையில் எல்லோருக்கும் நானே விளக்கினேன். சந்தையில் காயவைத்த மஞ்சள் மீனை வைக்கோலில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா? எல்லாம் ஒரே வாகு. சரத்தோடு சரம் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ரெண்டு மீனுக்கு நடுவில் ஒரு நண்டைக் கட்டிப் பார். எந்தச் சரமும் எந்தச் சரத்தோடும் சேராது. "என் அக்கா மக நண்டு கட்டியிருக்காடா" என்றேன். அச்சு வேலை பார்க்கும் கிழவர் நோ, "நண்டு வெலை அதிகமாச்சே முதலாளி, டப்பா யாரு வாங்குவா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். உங்கள் ஆய்வகத்தில் யாராவது இப்படிப் புரியும்படி சொன்னார்களா? நீ என் பெயரைப் போட்டு நண்டை உபயோகித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை உலர்த்தியில் கொட்டி, சனிக்கிழமை வார்க்கப் போகிறோம். அறுபத்தைந்து டிகிரி என்று எழுதியிருக்கிறாய். அது நம் தெருக் குளியல் வீட்டுத் தண்ணீர், கண்ணு. அதில் கிழவர்கள் காய்வார்கள், சில்லு காயாது. ஈரம் இருந்தால் டப்பா நொறுங்கும் என்று உனக்குத் தெரியும்தானே. இருபது வருடமாக நூற்று அறுபதில் உலர்த்துகிறேன். ஒரு சில்லாவது முகம் சுளித்ததில்லை. உலர்த்துவதை மாமனிடம் விட்டுவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கு.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

மாமன்

*

உல்சான், 1984 அக்டோபர் 26

மாமா,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன், மன்னியுங்கள். உங்கள் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. இன்று வெள்ளிக்கிழமை. தலைவர் மேசையில் இருக்கும் ஒரே தொலைபேசியைக் கேட்டேன். சொந்த விஷயத்துக்குத் தர முடியாது என்றார். அவர் ஏளனம் செய்த மூட்டைக்காகத்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நூற்று அறுபது வேண்டாம். உங்கள் சில்லுகள் பட்டறைக்கு வரும்போதே வெளுத்துத்தான் வருகின்றன. படிகமாகிவிட்டவை. அந்த வரிசைதான் சூட்டில் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. என் சில்லில் பிடித்துக்கொள்ள வரிசையே இல்லை. எண்பதைத் தாண்டினால் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குப் பாடம் எடுப்பது போலாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

உலர்த்தியைப் பற்றவைப்பதற்குள் இது வந்து சேரட்டும்.

ஹே-ரான்

*

தேகு, 1984 நவம்பர் 12

அன்பு ஹே-ரானுக்கு,

இங்கே வாசலெல்லாம் முட்டைக்கோஸ். குளிர்காலத்துக் கிம்ச்சி போடும் வாரம். உன் அத்தையின் கை முழங்கை வரை சிவப்பு. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம், சுகத்துக்கு மேல் சுகம்.

ஏன் என்று கேள். டப்பாக்கள் வந்துவிட்டன. இத்துடன் ஆறு அனுப்பியிருக்கிறேன். உன் கடிதம் சரியான நேரத்துக்கு வந்தது, நீ சொன்னபடியே அறுபத்தைந்தில் உலர்த்தினேன். முதல் டப்பா அச்சிலிருந்து விழுந்ததும் பட்டறையே மூச்சை நிறுத்தியது. எதிர்ப் பட்டறை முதலாளி ஓடிவந்து, "இது கண்ணாடிதானே, மனசாட்சியத் தொட்டுச் சொல்லு" என்றார். நான் தரையில் போட்டேன். அது துள்ளி என் கைக்கே திரும்பி வந்தது. கிழவர் நோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். வங்கிக் கிளை மேலாளர் தெரு வழியே போனவர் நின்று தொப்பியைக் கழற்றினார்.

இயந்திரத்தில் ஒன்றிரண்டு சில்லுகள் புதுக் கல்யாணக்காரர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டன, அதெல்லாம் ஒரு விஷயமா. உன் அத்தைக்கு முட்டைக்கோஸை அழுத்தி வைக்க ஒரு நல்ல பாரமும் கிடைத்தது, அது வேறு கதை.

நிகழ்ச்சியன்று நல்ல உடை போட்டுக்கொள். தலையை நிமிர்த்தி நில்.

மாமன்

*

உல்சான், 1984 நவம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கிம்ச்சி வேலையில் அத்தைக்கு இடுப்பு பிடிக்காமல் இருக்க வேண்டும். நான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்தேன். டப்பாவுக்குள் விரலை விட்டு, வெளியிலிருந்து என் ரேகையைப் பார்த்தேன். ஒரு வருடமாகத் தாளில் கோடு போட்டு வைத்திருந்த சங்கிலி, கையில் பிடிக்கும் பொருளாகிவிட்டது. உங்களைத் திட்டி எழுதிய கடிதத்துக்காக வெட்கப்படுகிறேன்.

ஆறையும் தலைவர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். டிசம்பர் பதினான்காம் தேதி தலைமை அலுவலகத்தார் முன்னால்தான் திறப்பாராம். நானே சோதித்துப் பார்க்க ஒரு துண்டுகூடக் கையில் இல்லை. மிச்சச் சில்லோ, உடைசலோ, எதுவானாலும் ஒரு கைப்பிடி அனுப்புங்கள். அன்றைக்கு எல்லார் எதிரிலும் சூட்டு அடுப்பில் வைத்துக் காட்டுவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருமுறை எனக்கு மட்டும் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் இப்போதே சொல்லாதீர்கள்.

ஹே-ரான்

*

தேகு, 1984 டிசம்பர் 19

ஹே-ரானுக்கு,

பனி கனமாக விழுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குக் கொஞ்சம் இருமல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பட்டறையில் வேலை. மிச்சத்தை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது, உல்சான் எலிகளைவிடத் தேகு எலிகள் படித்தவை.

அடுப்பு எதற்கு? வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால் போதாதா என்று எழுத நினைத்தேன். தேதி தாண்டிவிட்டது.

எப்படி நடந்தது?

மாமன்

*

உல்சான், 1985 ஜனவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தாண்டில் உங்கள் இருமல் நின்றிருக்க வேண்டும். இஞ்சியும் பேரிக்காயும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

நிகழ்ச்சி மிகச் சிறப்பாக நடந்தது. தலைமை அலுவலகத்தார் டப்பாவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒருவர் தம் மனைவிக்கு ஒன்று கேட்டார். தலைவர் எழுந்து நின்று கை தட்டினார்.

ஆனால் யோசித்துப் பார்த்ததில் இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று தோன்றியது. புகையில் கண் எரிகிறது. நானாகவே விலகிக்கொண்டேன். அந்தோங் வீட்டார் நல்லவர்கள் என்கிறார்கள். இம்மாதம் இருபத்தேழாம் தேதி கல்யாணம். மாமன் முறைக்கு நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

உங்கள் உதவியை மறக்க மாட்டேன். அத்தைக்கு என் வணக்கம்.

ஹே-ரான்

*

தேகு, 1985 பிப்ரவரி 4

மதிப்புக்குரிய ஆய்வகத் தலைவர் குவாக் அவர்களுக்கு,

குளிரில் தங்கள் உடல்நலமும் தங்கள் வீட்டார் நலமும் குறையாதிருக்க வேண்டுகிறேன். நான் தங்களிடம் வேலை பார்த்த சொக் ஹே-ரானின் தாய்மாமன். முகப்பூச்சு டப்பா வார்க்கும் பட்டறை நடத்துகிறேன்.

நீங்கள் எழுந்து நின்று கை தட்டியதாக அவள் எழுதியிருந்தாள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார், ஒருவர் மனைவிக்குக் கேட்டார் என்றெல்லாம். ஐயா, நான் நாற்பது வருடமாக இப்படித்தான் பேசிவருகிறேன். தொப்பி கழற்றும் மனிதர்களை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூன்று முறை குனிந்து வணங்கினாள், என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

அந்த டப்பாக்கள் அவளுடைய பாலியஸ்டர் இல்லை. அவள் சொன்ன சூட்டை நான் கேட்கவில்லை. நூற்று அறுபதில் இரவு முழுக்கப் போட்டுவிட்டேன். காலையில் உலர்த்தியைத் திறந்தால் மூட்டை மொத்தமும் ஒரே பாறை. மூன்று பேர் உளி வைத்துப் பெயர்த்தோம். ஒரு சில்லுகூட மிஞ்சவில்லை. அவளிடம் இருப்பது அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாள். அதை எப்படிச் சொல்வது? மீன் சந்தையில் ஐஸ் வாங்கி, அச்சைச் சுற்றி ஓடும் தண்ணீரில் கொட்டி, எங்கள் சாதாரணச் சில்லிலேயே, ஓரத்தை மெல்லிசாக்கி ஆறு டப்பா வார்த்தேன். வரிசை கட்ட அவகாசம் கொடுக்காமல் குளிரவைத்தால் அதுவும் தெளிவாகத்தான் வரும். என் கை வேலையில் குறை சொல்ல முடியாது, ஐயா. அதுதான் கேடு.

அவள்மேல் தப்பில்லை. அந்தப் பாறை இன்னும் எங்கள் வீட்டில் கிம்ச்சி ஜாடிக்கு மேல் இருக்கிறது. வேண்டுமானால் கொண்டுவருகிறேன்.

பியோ மான்-சிக்

*

உல்சான், 1985 பிப்ரவரி 15

திரு. பியோ அவர்களுக்கு,

தாங்கள் நலம் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது.

டிசம்பரில் அந்த டப்பாக்களைச் சூட்டு அடுப்பில் வைத்தபோது, சில நிமிடங்களில் ஆறும் அவித்த முட்டை போல வெளுத்தன. விளக்கம் கேட்டோம். மாதிரிகளைத் தானே மாற்றிவைத்துவிட்டதாகச் செல்வி சொக் கூறினார். தங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த இடம் வேறொருவருக்குத் தரப்பட்டுவிட்டது.

அந்தக் கட்டி உண்மையிலேயே இருக்குமானால், மாத இறுதியில் ஒரு நாள் கொண்டுவாருங்கள்.

குவாக்

*

தேகு, 1985 மார்ச் 3

ஹே-ரான்,

புகுந்த வீட்டில் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே இருவரும் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. உன் சில்லை நான் பாறையாக்கினேன், டப்பாக்கள் என் சாதாரணச் சில்லில் செய்தவை. உனக்கு இது டிசம்பரிலேயே தெரிந்திருக்கும். அடுப்பே சொல்லியிருக்கும்.

அந்தப் பாறையைத் துணியில் கட்டி உல்சானுக்கு எடுத்துப்போனேன். கிம்ச்சி வாடை போகவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உன் தலைவர் ரம்பத்தால் ஒரு துண்டு அறுத்தார். இதற்கென்றே அதே மாதிரி வார்த்து எடுத்துப்போன என் டப்பா ஒன்றிலிருந்தும் ஒரு துண்டு. இரண்டையும் ஒரே தட்டில் அடுப்புக்குள் வைத்தார். என்னுடையது வெளுத்தது. உன்னுடையது இளகிச் சரிந்தது, ஆனால் வெளுக்கவில்லை. பிறகு அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல், சாயங்காலம் வரை அதற்குள்ளேயே ஆறவிட்டார். எடுத்தபோது அதன் வழியாகச் செய்தித்தாள் எழுத்தைப் படித்தார்.

"ராத்திரி பூரா நூத்தி அறுபதுல கெடந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படிக் கெடந்தும் ஒரு வரிசைகூட கட்டல. இதவிட பெரிய சோதனைய நாங்களே செஞ்சிருக்க மாட்டோம். டப்பாவுக்குப் பதிலா இந்தக் கல்ல அனுப்பியிருந்தீங்கன்னா, அந்த எடம் அவளோடது."

"இத ஒரு வரி எழுதிக் குடுங்க. அவகிட்ட காட்டணும்" என்றேன்.

பேனாவை எடுத்தார். யோசித்தார். "எழுதுனா, அன்னிக்கு அலமாரியில பூட்டி வச்சதுக்குப் பதிலா நீயே ஏன் சோதிக்கலன்னு என்னத்தான் கேப்பாங்க" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டார். கட்டியைக் கேட்டார். கொடுத்துவிட்டு, ஒரு துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது இத்துடன் இருக்கிறது. அடுப்பு மூடியின் மேல் வைத்துப் பார். உன் கணக்கு சரி.

மாமன்

*

அந்தோங், 1985 ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடையில் கோடைத் துணி வந்திறங்கிவிட்டது. மாமியார் என்னை அளவு பார்க்கப் பழக்குகிறார். உங்கள் இருமல் இன்னும் இருப்பதாக அம்மா எழுதினாள். மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நீங்கள் கட்டிய கதைகளிலேயே இதுதான் மிக நன்றாக வந்திருக்கிறது. பேனாவை எடுத்து, யோசித்து, மூடி வைக்கும் இடத்தில் எனக்கே அழுகை வந்தது. தலைவர் குவாக் அப்படித்தான் செய்வார். ஒரு வரியும் எழுதித் தரவில்லை என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதனால் நான் எங்கும் போய்க் கேட்க முடியாது. எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறீர்களே என்று நினைத்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, மாமா. அன்றும் இல்லை.

அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, வைரமா?" என்று மாமியார் கேட்டார். மாமா அனுப்பிய விளையாட்டுப் பொருள் என்றேன்.

போன ஞாயிறு வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றேன். உங்கள் பெட்டியைப் பிரித்த அன்று அந்த டப்பாக்களும் இப்படித்தான் தெளிவாக இருந்தன. இது வெளுத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. வெளுக்காமல் இருந்துவிட்டால், அதையும் தாங்க முடியாது.

திரும்ப எடுத்து வந்து ஜன்னலில் வைத்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அத்தையின் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். இரவில் கதவை நன்றாகச் சாத்திப் படுங்கள்.

உங்கள் அக்கா மகள்
ஹே-ரான்